ஒராவின் வயிற்று முள்

மகனுக்கு,

ஸலாம் சொல்லாமல் கடிதம் தொடங்கக்கூடாது, சொல்லிவிட்டேன். சுகமா என்று கேட்க மாட்டேன். நீ சுகமாகத்தான் இருக்கிறாய். போன வெள்ளிக்கிழமை என் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்தேன். கன்னம் இரண்டும் உப்பியிருக்கின்றன. உன் மாமா போடியாரின் வீட்டுச் சோறு ஒத்துக்கொண்டிருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். எனக்குத்தான் சுகமில்லை. காய்ச்சல், தலையிடி ஒன்றுமில்லை. உன்மேல் கோபம். இறக்காமத்திலிருந்து வந்ததிலிருந்து அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு தறிக்குப் பக்கத்தில் இருந்து நூல் சுற்றினேன். நூல் அறுந்துகொண்டே இருந்தது. கடைசியில் உன் வாப்பா தறியை நிறுத்திவிட்டு, "எழுதிப் போடு புள்ள. எழுதினாத்தான் உனக்கு ஆறும். இல்லாட்டி இந்தச் சாரன் பெருநாளைக்கும் முடியாது" என்றார். ஆகவே எழுதுகிறேன். நடுவில் மடித்து வைத்துவிட்டு வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகாதே. முழுதாக வாசி.

நம் ஊரில் பெண்ணைப் பெற்றவள் மகளை வீட்டோடு வைத்துக்கொள்வாள். ஆணைப் பெற்றவள்தான் கல்யாணத்தோடு பிள்ளையை வழியனுப்பிவிட்டு வாசலில் நிற்கவேண்டும். இது எனக்குத் தெரியாத வழக்கமில்லை. உன் வாப்பாவும் அப்படித்தான் ஒரு பெட்டியோடு என் உம்மாவின் வீட்டுக்கு வந்தவர். ஆனாலும் கடற்கரையில் வளர்ந்த உன்னை வயலும் குளமும் யானையுமாக இருக்கிற ஊருக்குக் கொடுத்தபோது என் மனம் கிடந்து அடித்தது. ஜெஸீமாவைப் பார்த்த பிறகுதான் ஆறியது. கல்யாணம் முடிந்த கையோடு நான் ஒரா மீன் கொடுத்தனுப்பினேனே, ஞாபகம் இருக்கிறதா? குளத்து மீனைத் தவிர வேறொன்றும் அறியாத பிள்ளை, அதைச் சமைத்துத் தின்றுவிட்டு, "மாமிட மீன் நல்ல ருசி" என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினாள். மருமகள் நம் கைமீனை விரும்பினாள் என்று நான் இந்தத் தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். இப்போது வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது அவளுக்கு வந்த முதல் ஆசையும் அந்த மீன்தான். "மாமிட மீன் இன்னொரு தரம் வேணுமாம்" என்று நீயே வந்து சிரித்துக்கொண்டு சொன்னாய். கரைவலை இழுத்து முடியும்வரைக்கும் நான் மணலில் நின்று, துடிக்கத் துடிக்கப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்தேன். குடல் எடுத்து, கழுவி, உப்பும் மஞ்சளும் போட்டு, வாழையிலையில் சுற்றி, வாப்பாவின் தறியில் மிஞ்சிய சிவப்புக் கோடு போட்ட துணியில் நான் தைத்த பையில் வைத்து உன் கையில் தந்தேன். நீ பஸ் ஏறினாய்.

அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. மீன் நன்றாக இருந்ததா என்று கேட்டு நான் யாரிடம் போவது? பிள்ளைக்கு வேலையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சரி, மருமகளையும் பார்த்து, அவள் பிள்ளை பெற்று நாற்பது நாள் இருக்கும்போது என்ன சமைத்துக்கொண்டு வருவது என்று சம்மந்தியிடமும் கதைத்துவிட்டு வருவோம் என்றுதான் வெள்ளிக்கிழமை வெளிக்கிட்டேன். நீ நெற்பட்டறைக்குப் பக்கத்தில் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தாய். "வாங்க உம்மா" என்றாய். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, சைக்கிளைப் பார்த்துச் சொன்னாய். அப்போதே எனக்கு ஏதோ பிடிபட்டிருக்கவேண்டும்.

உன் மாமி நல்ல மனுசி. பாய் போட்டு, தேத்தண்ணியும் பலகாரமும் வைத்து, என் பக்கத்தில் இருந்துகொண்டுதான் சொன்னா. "மச்சி, கோவிச்சிக்கிராதீங்க. இனி நீங்க மீன் கொண்டராதீங்க. புள்ள சாகப் போயிட்டாள்" என்றா. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அவவே கதையைச் சொன்னா. நான் அனுப்பிய மீனை ஜெஸீமா வெட்டப் போனாளாம், கையில் குத்திவிட்டதாம், கை வீங்கி, குளிர் எடுத்து, பிள்ளை கத்தி அழுதாளாம். சுண்ணாம்பு பூசினார்களாம், குளத்துத் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினார்களாம், விஷக்கடிப் பரிகாரியைக் கூட்டி வந்தார்களாம். பொழுது பட்டு மஃரிப் தொழுது முடியும்வரைக்கும் வலி இறங்கவில்லையாம். வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று போடியார் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டச் சொல்லிவிட்டாராம். "என்ன மீன் மகன் இது எண்டு அவர் கேட்டார். மாப்புளைக்கே தெரியாதாம் மச்சி! 'தெரியா மாமா, உம்மாதான் தந்து உட்டா' எண்டு செல்லுறார். நீங்க தெரியாமத்தான் அனுப்பியிரிப்பீங்க. இனி வேணா. எங்கட குளத்து மீன் போதும்" என்றா.

தெரியாதாம். ஒரா என்றால் தெரியாதாம்! ஒராத் தலை இல்லாவிட்டால் சோறு இறங்காது என்று அடம்பிடித்த வாய் அது. தட்டில் தலை விழாவிட்டால் மூத்தவளான உன் ராத்தாவின் தட்டிலிருந்து களவெடுத்துத் தின்ற வாய். மகன், நீ அந்தச் சொல்லைச் சொன்னது எனக்கு எவ்வளவு நோகிறது என்று உனக்கு விளங்காது. என்னைக் குற்றவாளியாக்கியதுகூடப் பரவாயில்லை. அதைவிடப் பெரிய ஆத்திரம் ஒன்று இருக்கிறது. அதைக் கேள்.

நீ பள்ளிக்கூடம் சேர்ந்த புதிதில், வலை இழுக்கிற இடத்தில் வெறுங்காலோடு ஓடி, மணலில் கிடந்த ஒராவின்மேல் மிதித்தாய். நீ போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. நான் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, சோற்றுக்கு வைத்திருந்த உலைத் தண்ணீரை இறக்கி, தோல் தாங்குகிற அளவுக்கு ஆற்றி, உன் காலை அதில் வைத்தேன். காலை இழுத்தாய், என்னைக் கடித்தாய், என் தோளில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. "உம்மா, வலி போயிட்டு" என்று சொல்லிவிட்டு, பகல் சோற்றுக்கு அந்த மீனையே கேட்டுத் தின்றாய். ஒரா குத்தினால் சுடுதண்ணீர். நம் தெருவில் தவழ்கிற பிள்ளைக்கும் தெரிந்த வைத்தியம். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வலி கூடும் என்பதும் தெரியும். இதெல்லாம் உன் காலுக்கே தெரியும். அப்படியிருக்க உன் பெண்சாதி உன் கண்ணுக்கு முன்னால் துடித்தாள், குளத்துத் தண்ணீரை ஊற்றினார்கள், நீ பார்த்துக்கொண்டு நின்றாய். ஏன் நின்றாய் என்று எனக்குத் தெரியும். மீனைத் தெரியாது என்று சொன்ன வாயால் வைத்தியத்தை எப்படிச் சொல்வது? சொன்னால், பிறகு எப்படித் தெரியும் என்று மாமா கேட்பாரே. அந்த ஒரு சொல்லைக் காப்பாற்றுவதற்காக அவளை மஃரிப் வரைக்கும் அழவிட்டாய். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சரி, மீன் கதைக்கு வருகிறேன். உனக்குத்தான் ஒராவைத் தெரியாதே, நான் படிப்பிக்கிறேன். நிறத்தைப் பார்த்து ஒராவைப் பிடிக்கப் போகாதே. கடலில் ஒரு நிறம், வலையில் பயந்தபோது ஒரு நிறம், செத்துக் கூடைக்கு வந்தபிறகு இன்னொரு நிறம். புள்ளி போட்டது இருக்கிறது, கோடு போட்டது இருக்கிறது, முதுகில் மஞ்சள் பொட்டு வைத்ததும் இருக்கிறது. எல்லாம் ஒரே குடும்பம். வாய் சின்னது, முயல் வாய். பாசி மேய்கிற வாய் அப்படித்தான் இருக்கும். செதில் இல்லாததுபோல வழுவழுவென்ற தோல். குடல் நீளமாகச் சுருண்டு பாசி மணக்கும். ஆனால் இதையெல்லாம் மறந்தாலும் ஒன்றை மறக்காதே. மீனைத் திருப்பிப் போட்டு வயிற்றுச் செட்டையைப் பார். வேறு மீன்களுக்கு வயிற்றுச் செட்டையின் முன்னால் ஒரு முள்தான் இருக்கும். ஒராவுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவில்தான் மெல்லிய செட்டை. இரண்டு காவல்காரருக்கு நடுவில் ஒரு பெண்பிள்ளையை வைத்த மாதிரி. நம் கரைக்கு வருகிற வேறெந்த மீனிலும் இதை நான் கண்டதில்லை. முதுகிலும் பின்பக்கத்திலும் முள் வரிசை இருக்கிறது, அத்தனையும் விஷம். முதுகு முள் எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் அதற்குப் பயந்து வயிற்றுப் பக்கமாகப் பிடிப்பார்கள். அங்கேதான் குத்தும்.

சூறாவளி வந்து நம் கூரையையும் தறியையும் கொண்டுபோன பிறகு வாப்பா வேலையில்லாமல் வலை இழுக்கப் போனது உனக்கு நினைவிருக்கும். நூலைத் தவிர வேறொன்றைத் தொட்டறியாத கை. பங்குக்குக் கலப்பு மீன் கிடைக்கும், அதைத் தரம் பிரிப்பது என் வேலை. ஒருநாள் கடலுக்குள் கல்லுப்பார்ப் பக்கம் தூண்டில் போட்ட ஒருவர் கொடுத்தார் என்று, "இந்தா, ஒனக்கு ஒரா" என்று ஒரு மீனைப் பெருமையோடு நீட்டினார். உருவம் கொஞ்சம் ஒராதான், வாயும் சின்னது. நான் திருப்பிப் பார்த்தேன். வயிற்றில் பின்முள் இல்லை. வாலடியைத் தடவிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் பேனாக்கத்திபோல ஒன்று மடிந்திருந்தது. "இது ஒராவா? இது கத்தி கட்டிக்கொண்டு வந்த வேற ஆள்" என்று நான் சிரிக்க, வாப்பாவுக்கு ரோசம் வந்து அன்றைக்குப் பகல் சாப்பிடவில்லை. இரவு இரண்டு தட்டு சாப்பிட்டார். இப்போதும் மீன் வாங்கிக்கொண்டு வந்தால் வாசலில் நின்றே திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற மனுசன் அவர், தெரிந்ததைத் தெரியாது என்று சொன்னதில்லை. அந்த மனுசனின் பிள்ளை நீ.

இனி வெள்ளிக்கிழமைக் கதைக்கு வருகிறேன். சம்மந்தி சொல்லி முடித்ததும் நான் ஜெஸீமாவின் கையைப் பிடித்துப் பார்த்தேன். உள்ளங்கையில் பெருவிரலுக்குக் கீழே காயம் கறுத்துக் காய்ந்திருந்தது. "எப்புடிப் புடிச்ச மகள்?" என்று கேட்டேன். "சாம்பலத் தொட்டுத்தான் மாமி. விரால் புடிக்கிற மாதிரி, அடி வயித்தோட சேத்து இறுக்கிப் புடிச்சன். வயித்துக்குள்ள இருந்து முள் குத்திச்சி" என்றாள். பாவம் பிள்ளை. குளத்து மீன் வழுக்கும், சாம்பல் போட்டு இறுக்கிப் பிடிக்காவிட்டால் கையிலிருந்து பாய்ந்துவிடும். அவளுக்குத் தெரிந்த முறையில் அவள் பிடித்திருக்கிறாள். குளக்கரைப் பிள்ளை வேறெப்படிப் பிடிப்பாள்? அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஆனால் அவள் அதைச் சொன்ன நொடியில் எனக்கு உண்மை தெரிந்துவிட்டது. மகன், என் கையை விட்டுப் போகிற ஒராவில் முள் இருக்காது. முதுகு முள், பின்முள், வயிற்றில் இரண்டு பக்க முள், அத்தனையையும் கத்திரிக்கோலால் அடியோடு வெட்டிவிட்டுத்தான் நான் குடலையே எடுப்பேன். உன் காலில் குத்திய நாளிலிருந்து நம் வீட்டில் அப்படித்தான். அயல்வீட்டுக்குக் கொடுத்தாலும் அப்படித்தான். அதற்காகவே ஒரு கத்திரிக்கோல் கிணற்றடியில் தொங்குகிறது, அதால் நூல் வெட்டக்கூட நான் வாப்பாவை விடுவதில்லை. குடல் எடுத்த மீனை அவள் ஏன் சாம்பல் போட்டு வெட்டப் போகிறாள்? அவள் கையில் குத்திய ஒரா முழு மீன், முள்ளோடு, குடலோடு இருந்த மீன். அது நான் தந்த மீனே இல்லை. நான் தலையை நிமிர்த்தி உன்னைப் பார்த்தேன். நீ கதவு நிலையில் நின்றுகொண்டு முற்றத்துக் கோழிகளைப் பார்த்தாய். இருபத்துச் சொச்சம் வயது, தாடியும் வந்துவிட்டது, முகம் மட்டும் ராத்தாவின் தட்டில் களவெடுத்த முகம்.

திரும்பி வருகிற பஸ்ஸில் நம் தெருக் கண்டக்டர் தம்பிதான் நின்றார். நான் கேட்காமலே, "ராத்தா, உங்கட பை என்னட்ட இரிக்கி. மகன் அண்டைக்கு மறந்துட்டு இறங்கிட்டார். மீன் பழுதாப் போயிட்டு, எறிஞ்சிட்டன். பையக் கழுவி வெச்சிரிக்கன்" என்றார். அவ்வளவுதான் கதை. பஸ்ஸில் பையை மறந்தாய். சந்தியில் இறங்கிய பிறகு கை வெறும் கையாக இருந்தது. வீட்டில் ஆசையோடு ஒருத்தி காத்திருக்கிறாள். சைக்கிள் பெட்டியில் மீன் விற்கிறவரிடம் ஒரா இருந்திருக்கும், வாங்கிக்கொண்டு போய் "உம்மா தந்து உட்டா" என்றாய். அதுவரைக்கும் எனக்குக் கோபமே இல்லை. நம்பு. பெண்சாதியின் ஆசை கெட்டுவிடக்கூடாது என்று நீ சொன்ன சின்னப் பொய், அதைக் கேட்டால் நானே சிரித்திருப்பேன். ஆனால் முள் குத்திய பிறகும் அந்தப் பொய்யைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை. பையை மறந்தேன், இது நான் வாங்கிய மீன், இது ஒரா, கெதியாகச் சுடுதண்ணீர் வையுங்கள். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்? போடியார் ஒரு பார்வை பார்த்திருப்பார், மச்சினன்மார் இரண்டு நாள் பகிடி பண்ணியிருப்பார்கள். அதைத் தாங்க முடியாத மாப்பிள்ளைத்தனம் என்ன மாப்பிள்ளைத்தனம்?

நீ கேட்கலாம், அங்கேயே ஏன் சொல்லவில்லை என்று. நாக்கு நுனிவரைக்கும் வந்தது. வந்து நின்றது. அந்த வீட்டில் நீ இன்னும் புது மாப்பிள்ளை. வயலில் வரம்பு எது வாய்க்கால் எது என்று இப்போதுதான் பழகுகிறாய். சபையில் வைத்து உன்னைப் பொய்யன் என்று பெற்றவளே சொன்னால், பிறகு அந்த வயல் வட்டையில் யார் உன்னை மதிப்பார்கள்? அதனால் உன் மாமியிடம், "ஓம் மச்சி, இனிக் கொண்டர மாட்டன்" என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்தேன். உப்புத் தண்ணி குடித்த மாதிரி இருந்தது. வாப்பாவிடம் சொன்னபோது, "விட்டுப் போடு, வெக்கத்துல செல்லியிரிப்பான்" என்றார். வெட்கமாம். அவருக்கென்ன, அவரையா மீன் கொண்டுவர வேண்டாம் என்றார்கள்?

இன்னும் கொஞ்ச நாளில் அவளுக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது, இன்ஷா அல்லாஹ். நாற்பது நாளும் அவள் வாய்க்கு ருசியாக, மிளகும் சீரகமும் உள்ளியும் அரைத்து ஒராவில் சரக்குக் கறி வைத்துக் கொடுக்கவேண்டும் என்று நான் அவள் குளிக்காமல் இருக்கிறாள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். பெண்பிள்ளையைப் பெற்ற சம்மந்திக்குப் பேரப்பிள்ளை வீட்டிலேயே தவழும். ஆணைப் பெற்ற எனக்கு அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் இருக்க என்ன சாட்டு இருக்கிறது? ஒரு சட்டிக் கறிதான். நீ அதையும் பறித்துவிட்டாய். என் கைச் சாப்பாட்டை விஷம் என்று நினைக்கிற வீட்டுக்கு நான் எந்த முகத்தோடு வருவேன்? இதைச் சரிப்படுத்த வேண்டியவன் நீ. நான் அல்ல, வாப்பா அல்ல, கண்டக்டர் தம்பியும் அல்ல. நீ சொல். சொன்ன பிறகு நான் வருகிறேன். முள்ளோடு ஒரு ஒராவும், கிணற்றடிக் கத்திரிக்கோலும் கொண்டுவந்து, அந்த வீட்டு அடுப்படியில் அத்தனை பேருக்கும் முன்னால் வெட்டிக் காட்டுகிறேன்.

நாளைக்குச் சொல்லலாம், பிள்ளை பிறந்த சந்தோசத்தில் சொல்லலாம் என்று நீ நாள் கடத்துவாய் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் வெள்ளிக்கிழமை நடந்த ஒன்றைக் கடைசிக்கு வைத்திருந்தேன். நான் வெளிக்கிடும்போது ஜெஸீமா என் குடையைக் கொண்டு வேலிக் கடப்படிவரைக்கும் வந்தாள். யாரும் பக்கத்தில் இல்லை. குரலைத் தாழ்த்தி, "மாமி, கல்யாணத்தோட நீங்க அனுப்பின மீன்ல ஒரு முள்ளும் இரிக்கல்ல. எல்லாத்தையும் வெட்டி, குடலும் எடுத்துத்தான் அனுப்பியிரிந்தீங்க" என்றாள். குடையை வாங்கிக்கொண்டு நின்றேன். அவள் அந்தக் காயக் கையால் முக்காட்டை இழுத்துவிட்டு, "நான் உம்மாக்கிட்டயும் செல்லல்ல, வாப்பாக்கிட்டயும் செல்லல்ல மாமி. அவரே செல்லுவார் எண்டு பாத்துக்கிட்டு இரிக்கன்" என்றாள்.

இந்தக் கடிதத்தைக் கண்டக்டர் தம்பியிடம் கொடுக்கிறேன். கூடவே அந்தச் சிவப்புக் கோட்டுப் பையையும் வெறுமனே அனுப்புகிறேன். கடிதத்தை ஒளித்துவைத்தாலும் வை. பையை அவள் கையில் கொடு.

உன் உம்மா